சென்னை இசைவிழாவும் நமது கலைநோக்கும்

இசையாற் பெயர்பெற்ற நகரங்களுள் ஒன்றாகச் சென்னையை எண்ணுவதில் இன்று எவர்க்கும் தடையிராது. ஆண்டுதோறும் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை அந்நகரின் பல மண்டபங்களிற் காலை முதல் இரவுவரை கச்சேரிகள் நிகழ்கின்றன. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனமும் சென்னையை இசைத்துறைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் சங்கீதம் பயில்வோர்க்கு மார்கழிச் சென்னை ஏறத்தாழ ஒரு யாத்திரைத் தலம். போய்வந்தோர் எழுதும் குறிப்புகளை நாம் அவ்வப்போது படிக்கின்றோம். இன்னார் பாடிய காம்போதி உள்ளத்தை உருக்கிற்று, இன்னாருடைய குரல் தளர்ந்துவிட்டது, இன்ன சபாவிற் சிற்றுண்டி சுவையாக இருந்தது என்னும் அளவில் அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அந்த இசை எவருடைய உழைப்பில் விளைந்தது, எவர் அதனைக் கேட்கின்றனர், எவர் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர் என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. சென்ற மார்கழியிற் சில நாட்கள் அங்குத் தங்கிக் கேட்டவற்றையும் கண்டவற்றையும் ஆதாரமாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழாவின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாடுவோரின் திறமையைக் காட்டிலும் கேட்போரின் பயிற்சியே புதிதாகச் செல்பவரை வியப்பில் ஆழ்த்துவது. பாடகர் ஆலாபனையின் முதல் இரண்டொரு சங்கதிகளைத் தொட்டவுடனேயே இராகத்தின் பெயர் வரிசை வரிசையாக மெல்லிய குரலிற் பரவிவிடுகின்றது. முன்வரிசை முதியவர் தொடையிலே தாளமிடுகின்றார். பின்வரிசை மாணவி கொப்பியிற் குறித்துக்கொள்கின்றாள். நண்பகற் கச்சேரிகள் பெரும்பாலும் கட்டணமற்றவை. இருபது வயது இளைஞர் மேடையில் இருப்பர். மண்டபத்தில் இருபது பேரே இருப்பினும் தோடியையோ பைரவியையோ சுருக்காமல் விரித்துப் பாடுவர். அப்பாட்டின் பின்னே பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் குருகுல உழைப்பு நிற்பதை எவரும் உணரலாம். இத்துணை நுட்பமாகக் கேட்கவல்ல ஒரு சபையை ஒரு நகரம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் பேணி வந்திருக்கின்றதெனின் அது சாதாரண சாதனையன்று.

இச்சாதனையை நோக்கும் முறையில் நம்மிடையே இருவேறு மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஒரு சாரார் சென்னை மண்டபத்தையே இசையின் முதலும் முடிவுமாகக் கொள்வர். அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டதே சங்கீதம், ஏனையவை நாட்டுப்புறப் பாடல் அல்லது வெறும் சத்தம் என்பர். மற்றொரு சாரார், அவருள் நம் முற்போக்கு நண்பர் சிலரும் அடங்குவர், அது பிராமணர் சங்கீதம், உழைக்கும் மக்களுக்கு அதனால் ஆவதொன்றில்லை என ஒதுக்கிவிடுவர். இருசாராரும் எதிரெதிர் நின்று பேசினும் அடிப்படையில் ஒன்றையே நம்புகின்றனர். இன்று மண்டபத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருப்போரே அவ்விசையின் உரிமையாளர் என்பதே அந்த நம்பிக்கை. வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை.

*

இசைவிழா மார்கழியில் நிகழ்வதற்கு ஆண்டாளும் திருப்பாவையுமே காரணமெனக் கருதுவோர் பலர். மார்கழிப் பசனை மரபு பழையதுதான். எனினும் இன்றைய விழாவின் பிறப்புக்கு வேறு காரணம் உண்டு. 1927 டிசம்பரிற் சென்னையிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடொன்று நடைபெற்றது. காங்கிரசு ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியிற் கூடியமைக்குக் காரணம் நத்தார் விடுமுறை. ஆங்கிலேயரின் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் அப்போது மூடப்பட்டிருக்கும். காங்கிரசை நடத்திய சட்டத்தரணிகளுக்கு அப்போதே ஓய்வு கிட்டும். பூரண சுதந்திரமே இந்திய மக்களின் இலட்சியம் எனத் தீர்மானித்ததும் இதே சென்னை மாநாடே. அச்சங்கீத மாநாட்டின் விளைவாக 1928 ஆகஸ்டு 18ஆம் நாள் சங்கீத வித்வத் சபை, அஃதாவது மியூசிக் அக்கடமி, தொடக்கி வைக்கப்பட்டது. காலப்போக்கில் அதன் ஆண்டு மாநாடும் அதனோடு இணைந்த கச்சேரிகளும் டிசம்பரில் நிலைபெற்றன. ஏனைய சபாக்களும் அம்மாதத்தையே பின்பற்றின. ஆகவே பழைமையின் உருவாக நாம் காணும் இவ்விழா, தேசிய இயக்கமும் காலனித்துவ அலுவலக நாட்காட்டியும் சேர்ந்து ஈன்ற நவீனப் பிள்ளையே.

இதனை இழிவாகச் சொல்லவில்லை. 1855இல் தஞ்சை மராத்திய அரசு முடிவுற்ற பின்னர் அரண்மனை ஆதரவு குன்றியது. ஜமீன்தாரும் மிராசுதாரும் கோயில்களும் கலைஞரைத் தொடர்ந்து ஆதரித்தனரேனும் அவ்வாதரவும் நாளடைவிற் தேய்ந்தது. சென்னையிலோ சட்டத்தரணிகள், அரசாங்க உத்தியோகத்தர், வைத்தியர், ஆசிரியர், வணிகர் என ஒரு புதிய மத்தியதர வர்க்கம் உருவாகியிருந்தது. திருவல்லிக்கேணியில் 1900ஆம் ஆண்டிலேயே பார்த்தசாரதி சுவாமி சபா தோன்றியது. பின்னர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் பெருகின. உறுப்பினர் சந்தாவும் நுழைவுச்சீட்டும் அரசனின் கொடையினிடத்தைப் பெற்றன. ஒரு ஜமீன்தாரின் மனநிலையை நம்பியிருந்த வித்துவான் இப்போது பொதுமக்கள் முன் அமர்ந்தான். சீட்டு வாங்கியவர் எவரும் உள்ளே வரலாம் என்னும் நியதி, அரண்மனைக் கூடத்தோடு ஒப்பிடுமிடத்து முன்னேற்றமே.

கச்சேரியின் உருவமும் இம்மாற்றத்திற்கேற்ப அமைந்தது. ஒரு பல்லவியையே மணிக்கணக்காக விரித்து வித்துவான்கள் தம்முட் பொருதிய காலம் போய், வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகள், விரிவான ஓரிரு இராகங்கள், இராகம் தானம் பல்லவி, இறுதியிற் சிறு உருப்படிகள் என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. இவ்வொழுங்கை வகுத்தவராக அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் போற்றப்படுகின்றார். அவருடைய மேதைமையை எவ்விதத்திலும் குறையாமலே ஒன்று சொல்லலாம்: அலுவலகம் முடிந்து மாலையில் வந்து, இரவில் வீடு திரும்பி, மறுநாட் காலை மீண்டும் அலுவலகம் செல்லவேண்டிய இரசிகனின் வாழ்க்கைக்கு இவ்வொழுங்கு பொருந்திற்று. பிற்காலத்தில் ஒலிவாங்கியும் வந்தது. பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையையும் மெல்லிய கமகம் சென்றடைய முடிந்தது. கலையின் உருவம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதனை ஆதரிக்கும் மக்களின் வாழ்நிலை அதிற் பதிந்தே தீரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழிசை வரலாற்றில் அரிது.

*

புதிய மண்டபம் சிலரை உயர்த்தியது. சிலரை வெளியே நிறுத்தியது. வெளியே நின்றோர் யாவர் என்பதை ஆராயுமிடத்து, அவ்விசையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தளித்தோருட் பலர் அவர்களே எனக் காண்கின்றோம்.

முதலிற் பெண்களை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னையின் மிகச் சிறந்த இசை ஒலித்த இடங்களுள் ஒன்று ஜோர்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கு அவர் வாசிப்பதைக் கேட்க வித்துவான்களே சென்று அமைதியாக அமர்ந்திருப்பர். அவர் தேவதாசி மரபினர். 1938இல் அவர் மறைந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாளும் அம்மரபினரே. திருவையாற்றிலே தியாகராசரின் சமாதி சிதைந்து கிடந்தபோது தம் பொருளைச் செலவிட்டு அங்கு நினைவாலயம் எழுப்பியவர் அவர். அவ்வாராதனையிற் பெண்கள் பாட இடமில்லாதிருந்தமையாற் பெண்களுக்கெனத் தனி ஆராதனையையும் நடத்தினார். பிரிந்திருந்தவை ஒன்றுபட 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று தொலைக்காட்சியில் அவ்வாராதனையைக் காண்போருள் எத்தனை பேர் அவ்வாலயத்தை எழுப்பிய பெண்ணின் பெயரை அறிவர்?

தேவதாசி முறை ஒரு சமூகக் கொடுமை. அதனை ஒழிக்கப் பாடுபட்ட முத்துலட்சுமி ரெட்டியின் பணி மறக்கற்பாலதன்று. 1947இன் சட்டம் தேவையானதே. ஆனால் முறையை ஒழித்த சமூகம் அம்மரபின் பெண்களுக்கு மேடையில் உரிய இடத்தை அளிக்கத் தவறிற்று. அவர்களுடைய கலையை நற்குடிப் பெண்களுக்குக் கற்பித்தலே சீர்திருத்தம் எனக் கருதப்பட்டது. மதுரைச் சண்முகவடிவின் மகளான எம்.எஸ். சுப்புலட்சுமியும், தனம்மாளின் பேத்தியரான பாலசரசுவதியும் பிருந்தாவும் பெரும் புகழ் எய்தினர் என்பர். மெய்தான், அம்மூவரும் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்றனர். ஆயினும் சிலரின் வெற்றியை ஒரு சமூகத்தின் விடுதலையாகக் கொள்ளலாகாது. அவர்களுக்குப் பின்னர் அம்மரபிலிருந்து மேடையேறிய பெண் பாடகர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பின் விடை தானே தெரியவரும்.

அடுத்து நாதஸ்வரத்தையும் தவிலையும் நோக்குக. இராக ஆலாபனையை மணிக்கணக்கில் வளர்க்கும் ஆற்றலிற் கோயில் வீதியின் நாதஸ்வரக்காரருக்கு நிகராக எவரையும் சொல்லல் அரிது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுத் தம் பாட்டை வளர்த்துக்கொண்ட வாய்ப்பாட்டு வித்துவான்கள் பலர். அவ்விராஜரத்தினம் பிள்ளையே நாதஸ்வரக்காரருக்கு மரியாதை வேண்டித் தம் வாழ்நாள் முழுவதும் போராட நேர்ந்தது. சங்கீத கலாநிதிப் பட்டம் அவரை நாடி வரவில்லை. அப்பட்டம் பெற்ற நாதஸ்வரக் கலைஞர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் அது கிட்டியது. இன்றும் விழாவின் தொடக்கத்தில் மங்கல இசை என்னும் பெயரிலே நாதஸ்வரம் முழங்குகின்றது. அப்போது பெரும்பாலும் இருக்கைகள் நிரம்பியிரா. பிரமுகர்கள் வந்து சேர்ந்திரார். மங்கலம் முடிந்ததும் இசை தொடங்குவதாக எண்ணும் வழக்கம் அங்கு நிலவுகின்றது.

மூன்றாவதாக, கண்ணுக்கே தெரியாத கைகள் சில உள. கச்சேரியின் நடுவே மிருதங்கத்துக்குரிய தனியாவர்த்தனம் வரும்போது மண்டபத்திற் பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குச் செல்வதை எவரும் காணலாம். விழா தொடர்பான பகிடிகளுள் இதுவும் ஒன்று. அவ்வேளையிற் பேசுவது தோல். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களைத் தேர்ந்து, பதமாக்கி, வெட்டி, வாரிட்டு இறுக்கி, கருஞ்சாந்து அப்பி, சுருதி சேர்த்து ஒரு மிருதங்கத்தை உருவாக்குவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிறித்தவர். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை உலகம் புகழ்ந்தது. அந்நாதத்திற்காக அவரோடு பல்லாண்டு சேர்ந்து உழைத்தவர் பர்லாந்து என்னும் தொழிலாளர். தோலின் தடிப்பையும் ஈரத்தையும் விரல்நுனியால் அளந்தறியும் இவ்வறிவு எந்தச் சங்கீத சாத்திர நூலிலும் எழுதப்பட்டதன்று. 2020ஆம் ஆண்டில் டி.எம். கிருஷ்ணா இத்தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடமளிக்க இசைந்த கலாஷேத்திரம் பின்னர் அவ்விசைவை மீளப் பெற்றுக்கொண்டது. தெய்வீகம் எனப்படும் நாதத்தின் அடியில் மாட்டுத்தோலும் மனித உழைப்பும் இருப்பதை உரக்கச் சொல்வது சிலர்க்குப் பொறுக்க முடியாததாயிற்று.

*

இக்குறைகளை முன்னரே எவரும் உணரவில்லையா என வாசகர் கேட்கலாம். உணர்ந்தோர் உண்டு. தமிழ்நாட்டு மேடைகளிற் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஆட்சி செலுத்த, தமிழ்ப் பாட்டுகள் கச்சேரியின் இறுதியில் துக்கடாக்களாகத் தள்ளப்பட்டமையை எதிர்த்துத் தமிழிசை இயக்கம் எழுந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ அதற்கு அறிவுத் தளம் அமைத்தது. நமது விபுலாநந்த அடிகள், மயிலாப்பூர் மடத்திலே துறவு பூண்டவர், தம் வாழ்வின் பிற்பகுதியைப் பழந்தமிழ் இசை ஆராய்ச்சிக்கு ஈந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் 1943இற் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கல்கி தம் எழுதுகோலால் அதற்குத் துணை நின்றார். சங்கீத வித்வத் சபையோ, மொழியை முன்னிட்டு இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. தாய்மொழியிற் பாடினால் தரம் தாழும் என்னும் அச்சம் எத்தகைய மனப்பான்மையிற் பிறந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தமிழிசை இயக்கம் நியாயமான இயக்கம். இன்று எந்தச் சபாவிலும் தமிழ்க் கீர்த்தனைகள் ஒலிக்கின்றனவெனின் அதன் பங்கு அதிற் பெரிது. தேவாரப் பண் ஆராய்ச்சிக்கும் ஓதுவார் மரபுக்கும் அது செய்த தொண்டும் சிறிதன்று. எனினும் அதன் எல்லையையும் நாம் காணவேண்டும். எம்மொழியிற் பாடுவது என்னும் வினாவை அது எழுப்பியது. எவர் பாடுவது, எவர் கேட்பது என்னும் வினாக்களை அத்துணை வன்மையாக எழுப்பவில்லை. செல்வந்தரின் நன்கொடையில் எழுந்த மற்றொரு மண்டபத்தில், அதே கச்சேரி ஒழுங்கில், மொழி மட்டும் மாறி ஒலித்தது. மிருதங்கம் செய்தவர் அங்கும் மேடைக்குப் பின்னாலேயே இருந்தார். மொழியுரிமையும் சமூக நீதியும் சேர்ந்து நடவாதவிடத்து முன்னது பாதி வழியிற் களைத்துவிடும் என்பது இதிற் கிடைக்கும் படிப்பினை. நமது நாட்டு அநுபவமும் இதற்கு மாறானதன்று.

*

சென்னைக்குச் செல்வோர் மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் கண்டு திரும்பிவிடுவர். அதே நகரின் வடபகுதியில் வேறொரு இசை வாழ்கின்றது. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிய தொழிலாளரின் குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. சங்கீத வித்வத் சபை தோன்றுவதற்குப் பத்தாண்டு முன்னரே, 1918இல், இந்தியாவின் முதன்மையான தொழிற்சங்கங்களுள் ஒன்றாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அப்பகுதியின் பெரம்பூரிலே அமைக்கப்பட்டது, திரு.வி.க. அதன் பணியில் முன்னின்றார். அவ்வடசென்னையின் இசை கானா. சாவு வீட்டிலே இரவெல்லாம் விழித்திருப்போர் நடுவே பிறக்கும் மரண கானா அதன் ஒரு வகை. இறந்தவனின் வாழ்வு, அவன் பட்ட கடன், நட்பு, காதல், காவல்துறையின் அடி யாவும் அதிற் பாடப்படும். திரைப்படம் அதன் மெட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. பாடியவர்களின் வாழ்வு அதனால் அவ்வளவாக மாறவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்விசை தன் காலில் நிற்க முயல்கின்றது. பா. இரஞ்சித்தின் முன்முயற்சியிற் தோன்றி 2018 ஜனவரியில் முதன்முதல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு, கானாவையும் பறையையும் ராப்பையும் இணைத்துச் சாதியை நேருக்கு நேர் நின்று பாடியது. அயோத்திதாசர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்னும் கருத்தே அப்பெயரின் மூலம். ஆண்களே பாடிவந்த கானாவை அக்குழுவிலிருந்து பாடிப் பெயர்பெற்றவர் இசைவாணி. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவை நடத்திவருகின்றது. அப்பெயரே ஓர் உரிமைக் கோரிக்கை. மார்கழி ஒரு சாராருக்குப் பட்டயம் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று என்பதை அது நினைவூட்டுகின்றது. இதற்கு முன்னரே, 2015இல், ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் கிராமத்திற் கடலோரத்திலே ஒரு விழா தொடங்கப்பட்டது. கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் அங்கு நிகழ்ந்தன.

அம்முயற்சியில் ஈடுபட்ட டி.எம். கிருஷ்ணா, டிசம்பர் விழாவில் இனிப் பாடுவதில்லை என அதே 2015இல் அறிவித்தவர். 2024ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதிக்கு அவரை வித்வத் சபை தேர்ந்தபோது வித்துவான்கள் சிலர் அவ்வாண்டு விழாவிலிருந்து விலகினர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கப்படும் பரிசு தொடர்பில் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கிருஷ்ணாவின் கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுமென்பதில்லை. ஒரு பாடகரின் சமூகக் கருத்துக்காக அவரோடு ஒரே விழாவில் இடம்பெற மறுக்கும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்ததே கவனிக்கத்தக்கது. கலைக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்த ஒரு துறையிலே இது நிகழ்ந்தது. அச்சம்பந்தம் என்றும் இருந்தது, இப்போது வெளிப்பட்டது. அவரைத் தேர்ந்த சபை தன் முடிவில் உறுதியாக நின்றது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். ஒரு நிறுவனத்துள்ளும் முரண்பாடுகள் உண்டு. மாற்றம் அவற்றினூடாகவே வரும்.

மக்களிசையைப் போற்றுமிடத்தும் நாம் அவதானமாக இருத்தல் அவசியம். பறையைக் கலையெனக் கொண்டாடும் படித்தவர்கள், அதனை அடிக்க மறுத்தவர்களின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடித்தல் ஒடுக்கப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட குடிமைத் தொழிலாக இருந்தது. அதனைக் கைவிடுதலே தன்மானம் என அவர்களுட் பலர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முடிவு செய்தனர். வேறு சிலர் இழிவின் சின்னமாக்கப்பட்ட அக்கருவியையே எதிர்ப்பின் குரலாக மீட்டெடுத்தனர். இரண்டும் நியாயமே. எதனைத் தெரிதல் என்பது அக்கருவியின் சுமையைத் தோளிற் சுமந்தோரின் உரிமை. நகர மேடையில் அரைமணி நேரம் பறையைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் இரசிகன் சாதியை ஒழித்தவனாகான்.

*

இவற்றால் நமக்கு என்ன என்னும் வினாவுக்கு வருவோம். நமது பாடசாலைகளிற் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம், க.பொ.த. சாதாரண தரத்தில் மாணாக்கர் அதற்குத் தோற்றுகின்றனர். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளிற் பிள்ளைகள் ஆயத்தமாகின்றனர். அப்பாடத்தின் உயிர்மூச்சு சென்னையிலிருந்தே வருகின்றது. சென்னையிலிருந்து எதனைப் பெற்றுக்கொள்வது, எதனை விடுவது என்பது ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் தீர்க்கும் பிரச்சினை.

நமக்கும் ஒரு கேள்விச் சபை இருந்தது, இன்றும் முற்றாக அழியவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் இரவிரவாக நிகழும் மேளச்சமாவைக் கேட்க மணலில் அமர்ந்தோர் தோட்டக்காரரும் சுருட்டுத் தொழிலாளரும் கடைக்காரரும். நுழைவுச்சீட்டு இல்லை, நாதஸ்வரமே தலைமைக் கலை. அந்தச் சபையே யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை வளர்த்தது. பின்னர் தமிழ்நாடும் அதனைக் கேட்டு அதிசயித்தது. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் அதுவே வளர்த்தது. சென்னை மண்டபம் ஓரத்தில் வைத்த கலையை நம் ஊர் வீதி நடுவில் வைத்திருந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்கதே. ஆனால் அந்த வீதியும் எல்லோர்க்கும் திறந்திருந்ததில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்ததை மறந்து பழங்கதை பேசுவோமாயின், சென்னையைக் குறைகூறும் அருகதையை நாம் இழந்துவிடுவோம்.

ஆகவே செய்யத்தக்கவை சில உள. சங்கீத வகுப்பில் மேளகர்த்தா அட்டவணையோடு, அவ்விசையை எவர் காத்தனர் என்னும் வரலாறும் கற்பிக்கப்பட வேண்டும். தியாகராசரின் வாழ்க்கைக் குறிப்பை மனனம் செய்யும் மாணவி நாகரத்தினம்மாளையும் அறியட்டும். மிருதங்கத்தின் உறுப்புகளைப் படம் வரைந்து பெயரிடும் மாணவன் அதனைச் செய்பவரிடம் ஒருநாட் சென்று, தோல் எவ்வாறு நாதமாகின்றது என்பதைக் கண்ணாற் காணட்டும். நமது பாடசாலை விழாக்களிற் பிரதம விருந்தினரை வாயிலிலிருந்து அழைத்து வருவதற்கே நாதஸ்வரக்காரரை நிறுத்துகின்றோம்; விருந்தினர் அமர்ந்ததும் அவர்களை அனுப்பிவிடுகின்றோம். அவர்களை மேடையில் அமர்த்தி, மாணாக்கரைக் கீழே அமர்த்தி, ஒரு மணி நேரம் ஓர் இராகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

சென்னையின் இசையை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அது நமக்கும் உரியது. தனம்மாளும் இராஜரத்தினமும் பர்லாந்தும் தந்த இசையை ஒரு வர்க்கத்துக்கோ ஒரு சாதிக்கோ விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதியாகும். அடுத்த மார்கழியில் அங்குச் செல்லும் நம் மாணாக்கர் மயிலாப்பூரில் நன்றாகக் கேட்கட்டும். தனியாவர்த்தனத்தின்போது எழுந்து போகாதிருக்கட்டும். ஒரு மாலையேனும் வடசென்னைக்குச் சென்று கானாவையும் கேட்கட்டும். திரும்பி வந்து, எவர் நன்றாகப் பாடினார் என்பதோடு எவருக்குப் பாட இடம் கிட்டவில்லை என்பதையும் நமக்கு எழுதட்டும்.